90 டிகிரியில் வளர்த்த துத்தநாக ஆக்சைடு ஆரஞ்சாக ஒளிர்கிறது, 380இல் சின்ன பீக்தான். எங்கே தப்பு?

படிகக்காரி

எல்லோருக்கும் வணக்கம். எம்.எஸ்சி. இயற்பியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன், புராஜெக்ட்டுக்காகத் துத்தநாக ஆக்சைடு நானோ கம்பிகளை வளர்க்கிறேன். எங்கள் துறையில் பெரிய கருவிகள் கிடையாது, ஒரு ஹாட் ஏர் ஓவன், ஒரு மஃபிள் பர்னஸ், ஒரு ஸ்பின் கோட்டர், அவ்வளவுதான். அதனால் தண்ணீரிலேயே குறைந்த வெப்பத்தில் வளர்க்கும் முறையை எடுத்துக்கொண்டேன்.

செய்தது இதுதான். துத்தநாக அசிட்டேட்டை எத்தனாலில் 5 மில்லிமோலார் அளவுக்குக் கரைத்து, மைக்ரோஸ்கோப் கண்ணாடித் துண்டில் நான்கு தடவை பூசி, 350 டிகிரியில் 20 நிமிடம் சுட்டு விதைப் படலம் போட்டேன். அப்புறம் துத்தநாக நைட்ரேட்டும் ஹெக்சமீனும் தலா 25 மில்லிமோலார், 100 மில்லி டிஐ தண்ணீர், மூடி போட்ட புட்டி, ஓவனில் 90 டிகிரி, 5 மணி நேரம். வெளியே எடுத்தபோது கண்ணாடியில் வெள்ளைப் பூச்சு, புட்டியின் அடியில் வெள்ளைப் பொடி. எக்ஸ்ஆர்டியில் (படிக அமைப்பைக் காட்டும் எக்ஸ் கதிர் சோதனை) படலத்துக்கு 34.4 டிகிரியில் (002) என்ற படிகத் தளத்தின் பீக் மட்டும் ஓங்கி நிற்கிறது, பொடிக்கு 31.8, 34.4, 36.3 மூன்றும் வருகின்றன, 36.3தான் பெரியது. இதுவரை எல்லாம் சரி என்றுதான் நினைத்தேன்.

பிரச்சினை பிஎல் (ஒளியால் தூண்டி, பொருள் எந்த அலைநீளத்தில் ஒளிர்கிறது என்று அளப்பது) எடுத்தபோது வந்தது. பக்கத்துக் கல்லூரியில் செனான் விளக்கு வைத்த ஃபுளோரோமீட்டர் இருக்கிறது, 325 நானோமீட்டரில் தூண்டி எடுத்தோம். 380இல் ஒரு சின்ன மேடு, 550இலிருந்து 680 வரை பெரிய அகலமான குன்று, அதன் உச்சி 600 பக்கம், அந்தக் குன்றின் மேல் சரியாக 650இல் ஊசி மாதிரி ஒரு பீக், 467, 482, 492இல் குட்டிக் குட்டி பீக்குகள். இருட்டு அறையில் 365 டார்ச் அடித்துப் பார்த்தால் பொடி ஆரஞ்சு நிறத்தில் ஒளிர்கிறது, பார்க்க அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் நான் எதிர்பார்த்தது புற ஊதா ஒளி.

கைடு சாரிடம் காட்டினேன். "எல்லாம் ஆக்சிஜன் வெற்றிடம், எல்லா பேப்பரிலும் அப்படித்தான் இருக்கிறது, அப்படியே எழுதிவிடு" என்றார், அதாவது படிகத்தில் ஆக்சிஜன் அணு இருக்க வேண்டிய இடம் காலியாக இருப்பதுதான் காரணமாம். எனக்கு மனசு ஒப்பவில்லை. ஒரு பேப்பரில் பச்சைக்கு ஆக்சிஜன் வெற்றிடம் என்கிறார்கள், இன்னொன்றில் அதே பெயரை மஞ்சளுக்குச் சொல்கிறார்கள், 482க்கு ஒரு குறைபாடு, 492க்கு வேறொரு குறைபாடு என்று ஆற்றல் மட்டப் படமே வரைந்து வைத்திருக்கிறார்கள். என் படிகம் மோசமா, அளந்த விதம் மோசமா, இல்லை இது இப்படித்தான் இருக்குமா? வைவாவுக்கு இன்னும் ஆறு வாரம் இருக்கிறது.


அலைநீளன்

முதலில் அந்த 650 ஊசியை விட்டுவிடுங்கள், அது உங்கள் படிகத்திலிருந்து வருவதே இல்லை. 325ஐ இரண்டால் பெருக்கிப் பாருங்கள். கருவிக்குள் ஒளியை அலைநீளவாரியாகப் பிரிக்கும் கிரேட்டிங்குக்கு 650 நானோமீட்டர் ஒளியின் முதல் வரிசையும் 325 ஒளியின் இரண்டாம் வரிசையும் ஒரே கோணத்தில்தான் வரும், வேறுபாடு தெரியாது. வெள்ளைப் பொடி, வெள்ளைப் படலம் என்றால் தூண்டும் ஒளியை அப்படியே சிதறடிக்கும், அந்தச் சிதறல் டிடெக்டருக்குள் போய் 650இல் ஊசியாக நிற்கிறது. டிடெக்டர் பக்கத்தில் 350க்குக் கீழே உள்ளதை வெட்டும் ஒரு லாங் பாஸ் ஃபில்டர் போட்டால் காணாமல் போய்விடும். ஃபில்டர் இல்லையா, தூண்டும் அலைநீளத்தை 340க்கு மாற்றி இன்னொரு தடவை ஓட்டுங்கள். ஊசி 680க்கு நகர்ந்தால் அது கருவியின் வேலை. உண்மையான குன்று நகராமல் அங்கேயே உட்கார்ந்திருக்கும்.

467, 482, 492 பற்றி எனக்கு ரொம்ப நாளாகவே வருத்தம் உண்டு. செனான் விளக்கின் ஒளி பெரும்பாலும் தொடர்ச்சியானது, ஆனால் 450க்கும் 500க்கும் இடையில் அந்த வாயுவுக்கே உரிய கூர்மையான கோடுகள் இருக்கின்றன. மோனோகுரோமேட்டரில் (ஒரே அலைநீளத்தைப் பிரித்தெடுக்கும் பகுதி) கசியும் ஒளி கொஞ்சம் இருந்தாலும் போதும், பலவீனமாக ஒளிரும் பொருளை அளக்கும்போது ஸ்லிட்டை அகலத் திறந்து வைத்திருப்போம் இல்லையா, அப்போது அவை எட்டிப் பார்க்கும். இதைக் கண்டுபிடிக்க ஒரே ஒரு சோதனை போதும்: பேரியம் சல்பேட் பொடியை அதே இடத்தில் வைத்து, அதே ஸ்லிட், அதே வேகத்தில் ஓட்டுங்கள். அது ஒளிராத வெள்ளைப் பொடி. அதிலும் அதே இடங்களில் குட்டி பீக் வந்தால் உங்கள் துத்தநாக ஆக்சைடுக்கும் அவற்றுக்கும் எந்த உறவும் இல்லை. இந்தச் சோதனையைச் செய்யாமல் ஒவ்வொரு குட்டி பீக்குக்கும் ஒரு குறைபாட்டின் பெயரைச் சூட்டிய கட்டுரைகளை நிறையப் பார்த்துவிட்டேன். திட நிலையில், அறை வெப்பத்தில், குறைபாட்டு ஒளிர்வு இரண்டு மூன்று நானோமீட்டர் அகலத்தில் ஊசியாக வராது, அகலமாகத்தான் வரும். அதை நினைவில் வைத்துக்கொண்டாலே பாதிக் குழப்பம் தீரும்.

இன்னும் இரண்டு. பொடியைத் தண்ணீரில் கலக்கி குவெட்டில் அளந்தீர்களா? அப்படியானால் 365 பக்கம் தண்ணீரின் ராமன் பீக் (மூலக்கூறின் அதிர்வால் அலைநீளம் மாறிச் சிதறும் ஒளி) வரும், 325இல் தூண்டும்போது அது சரியாக அங்கேதான் விழும், அதை 380 என்று ஏமாந்துவிடக் கூடாது. அப்புறம், விதைப் படலம் மட்டும் போட்ட கண்ணாடி, எதுவும் போடாத வெறுங் கண்ணாடி இரண்டையும் தனியாக ஓட்டி வையுங்கள். சாதாரணக் கண்ணாடித் துண்டுக்கும் யூவியில் கொஞ்சம் ஒளிர்வு உண்டு.


வெந்நீர்_ஆய்வகம்

தங்கச்சி, வளர்த்த விதத்தில் பெரிய தப்பு ஒன்றும் இல்லை. படலத்தில் (002) மட்டும் ஓங்கியிருக்கிறது என்றால் கம்பிகள் கண்ணாடிக்குச் செங்குத்தாக நிற்கின்றன, அடியில் கிடக்கும் பொடியில் 36.3, அதாவது (101), பெரியதாக இருக்கிறது என்றால் அது எல்லாத் திசையிலும் கலைந்து கிடக்கிறது. இரண்டும் எதிர்பார்த்ததுதான்.

நான் முனைவர் பட்டத்துக்கு நான்கு வருடம் இதே வெந்நீரோடுதான் இருந்தேன், அதனால் வேதியியல் பக்கத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் உன் ஆரஞ்சு நிறத்தின் காரணம் அங்கேதான் இருக்கிறது.

துத்தநாக உப்புக் கரைசலில் சோடியம் ஹைட்ராக்சைடை நேராக ஊற்றினால் அந்த நொடியே வெள்ளையாகத் திரிந்துவிடும், இன்னும் ஊற்றினால் திரிந்தது மறுபடி கரைந்து சிங்கேட் என்ற அயனியாகிவிடும். அங்கே படிகம் நிதானமாக வளர நேரமே இல்லை. ஹெக்சமீனின் அருமை என்னவென்றால் அது காரத்தை ஒரேயடியாகக் கொட்டாது. குளிர்ந்த தண்ணீரில் சும்மா இருக்கும், சூடு ஏற ஏறத் தண்ணீரோடு வினைபுரிந்து மெல்ல மெல்ல ஃபார்மால்டிஹைடும் அம்மோனியாவும் ஆகும். அந்த அம்மோனியா தண்ணீரில் ஹைட்ராக்சைடு அயனியைத் தரும், அது துத்தநாக அயனியைப் பிடித்துக்கொண்டு, கடைசியில் நீரை இழந்து துத்தநாக ஆக்சைடாகப் படியும். காரம் சொட்டுச் சொட்டாகக் கிடைப்பதால் கரைசல் எப்போதும் லேசான மீதெவிட்டு நிலையிலேயே (கொள்ளும் அளவுக்குக் கொஞ்சம் மேல் கரைந்த நிலை) இருக்கும், நடுத்தண்ணீரில் புதிதாகக் கருத்தரிப்பதைவிட ஏற்கெனவே இருக்கும் விதையின் மேல் படிவது அதற்குச் சுலபம். லயனல் வேசியேர் 2003இல் வெளியிட்ட முறையின் உயிர்நாடி இதுதான், அதே ஆண்டு பெர்க்லியில் பெய்டாங் யாங் குழு விதைப் படலத்தைச் சேர்த்து முழு சிலிக்கான் வேஃபர் மேலேயே கம்பிக் காடு வளர்த்துக் காட்டியது.

கம்பியாக ஏன் வளர்கிறது என்று வைவாவில் கட்டாயம் கேட்பார்கள். துத்தநாக ஆக்சைடின் அறுகோணப் படிக அமைப்பான உர்ட்சைட்டில் மேல் முகமும் கீழ் முகமும் மின்முனைவு உள்ளவை, ஒன்றில் துத்தநாகம், மற்றதில் ஆக்சிஜன். பக்கவாட்டு ஆறு முகங்களும் முனைவு இல்லாதவை, ஆற்றல் குறைந்தவை, அமைதியானவை. அதனால் உச்சி வேகமாக நீள்கிறது, பக்கம் மெதுவாகப் பருக்கிறது. இதைச் சோதித்துப் பார்க்க ஆசையாக இருந்தால் கரைசலில் கொஞ்சம் சோடியம் சிட்ரேட் சேர்த்துப் பார், சிட்ரேட் போய் அந்த உச்சி முகத்தில் ஒட்டிக்கொண்டு அதன் வேகத்தைத் தடுக்கும், கம்பிக்குப் பதில் தட்டையான அறுகோணத் தட்டுகள் வரும். ஒரே உப்பு, ஒரே சூடு, வடிவம் மட்டும் தலைகீழ். எனக்கு முதல் தடவை செம் (எலக்ட்ரான் நுண்ணோக்கி) படத்தில் அதைப் பார்த்தபோது அன்று முழுக்கச் சாப்பாடு ஞாபகமே வரவில்லை.

சரி, உன் நிறத்துக்கு வருகிறேன். 90 டிகிரித் தண்ணீரில் பிறந்த படிகம் தண்ணீரை விட்டு முழுசாக வெளியே வரவில்லை. மேற்பரப்பு முழுக்க ஹைட்ராக்சில் ஒட்டியிருக்கும், உள்ளேயும் ஹைட்ரஜன் இருக்கும். குறைந்த வெப்பத்தில் வளர்ந்ததால் அணுக்கள் தங்கள் இடத்தைச் சரிசெய்துகொள்ளவும் நேரம் கிடைத்திருக்காது. அப்படிப்பட்ட கம்பிகள் மஞ்சளும் ஆரஞ்சுமாக ஒளிர்வது இந்த முறையின் இயல்பு, உன் கையின் தவறு இல்லை. ஹாங்காங் பல்கலைக்கழகத்தில் ஜூரிஷிச் குழு 2006இல் இதையேதான் ஆராய்ந்தது: காற்றில் வெறும் 200 டிகிரியில் சுட்டாலே மஞ்சள் இறங்குகிறது, யூவி ஏறுகிறது. 200 டிகிரியில் படிகத்துக்குள் ஆக்சிஜன் வெற்றிடங்கள் பெரிதாக இடம் மாறாது, ஆனால் ஒட்டியிருக்கும் ஹைட்ராக்சில் போய்விடும். நீயும் இதைச் செய்துவிடு. ஒரே தட்டத்தை நான்காக வெட்டி, ஒன்றை அப்படியே வை, மற்றவற்றை 200, 300, 400 டிகிரியில் ஒரு மணி நேரம். 400ஐத் தாண்டாதே, சாதாரணக் கண்ணாடித் துண்டு 500ஐத் தாண்டினால் வளைய ஆரம்பிக்கும், அதிலிருக்கும் சோடியமும் படலத்துக்குள் ஏறும். 800, 900 போக வேண்டும் என்றால் பொடியைப் பீங்கான் மூசையில் வைத்துச் சுடு.

சில கைப்பழக்கங்கள். கண்ணாடித் துண்டை விதைப் பக்கம் கீழே பார்க்கும்படி சாய்த்து வை, மேலே பார்த்து வைத்தால் நடுவில் உருவாகும் பொடி எல்லாம் பனி மாதிரி வந்து உட்கார்ந்துவிடும். துத்தநாக நைட்ரேட் டப்பாவை ஒரு தடவை பார், அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து அல்வா மாதிரி ஆகியிருந்தால் நீ நிறுத்தது உப்பு மட்டும் இல்லை, தண்ணீரும் சேர்ந்துதான். 100 மில்லிக்கு ஹெக்சாஹைட்ரேட் 0.744 கிராம், ஹெக்சமீன் 0.350 கிராம் வர வேண்டும். எடுத்தவுடன் சுடுதண்ணீராலேயே நன்றாக அலசு, ஆறவிட்டு அலசினால் கரைசலில் மிச்சமிருக்கும் உப்பு மேலே படிந்துவிடும். புட்டியைத் திறக்கும்போது ஃபார்மால்டிஹைடு நெடி மூக்கில் ஏறும், ஃபியூம் ஹூட் இல்லையென்றால் ஜன்னலோரம் வைத்து, ஆறிய பிறகு, முகத்தைத் தள்ளி வைத்துத் திற. இதில் மட்டும் அலட்சியம் வேண்டாம்.


கூழ்மம்

வெந்நீர்_ஆய்வகம் அக்கா சொன்னதில் ஒரு சின்னச் சேர்க்கை. ஹெக்சமீன் காரத்தைத் தருவதோடு நிற்காமல் பக்கவாட்டு முகங்களில் ஒட்டிக்கொண்டு கம்பி பருக்காமல் பார்த்துக்கொள்கிறது என்று பல பாடங்களில் எழுதியிருக்கும். அதை அளந்து பார்த்த பிறகு, அப்படி ஒட்டுவதற்கு ஆதாரம் இல்லை, காரத்தை மெதுவாக விடுவதுதான் அதன் வேலை என்று சொன்ன ஆய்வுகளும் இருக்கின்றன. அக்கா அதைத் தவிர்த்தே எழுதியிருக்கிறார், கேள்வி கேட்டவரும் வைவாவில் உறுதியாகச் சொல்லிவிட வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

நான் செய்வது இன்னும் குளிர்ச்சியான வேலை. துத்தநாக அசிட்டேட்டை மெத்தனாலில் 60 டிகிரியில் கரைத்து பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கலந்த மெத்தனாலைச் சொட்டுச் சொட்டாக விட்டால் நாலைந்து நானோமீட்டர் உருண்டைகள் கூழ்மமாகக் கிடைக்கும். டார்ச் அடித்தால் குடுவை முழுக்கப் பச்சை கலந்த மஞ்சளில் ஒளிரும். துகள் வளர வளர உட்கிரகிப்பு விளிம்பு நீள அலைநீளத்துக்கு நகரும், அதோடு அந்தக் கண்ணுக்குத் தெரியும் ஒளிர்வும் சேர்ந்தே நகரும். இந்த நகர்வு ஏன் முக்கியம் என்றால், ஒளிர்வின் ஒரு முனை பேண்டின் (படிகத்தில் எலக்ட்ரான்கள் இருக்கக்கூடிய ஆற்றல் பட்டையின்) விளிம்போடு கட்டப்பட்டிருக்கிறது என்று அது காட்டுகிறது, விளிம்பு நகர்ந்தால் ஒளியும் நகர்கிறது. நெதர்லாந்தில் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் 2000 வாக்கில் இந்தத் துகள்களை வைத்துச் செய்த வேலையில், மேற்பரப்புதான் ஹோலை (எலக்ட்ரான் விட்டுப்போன காலி இடத்தை) பிடித்து வைக்கும் இடம் என்று காட்டினார்கள். துகள் சின்னதாக ஆக ஆக மேற்பரப்பின் பங்கு கூடும், கண்ணுக்குத் தெரியும் ஒளிர்வும் ஓங்கும்.

ஒன்று கவனித்தேன், இந்தக் கூழ்மத்தைத் தண்ணீருக்கு மாற்றினால் சீக்கிரமே ஒளி மங்கிப்போகிறது. மேற்பரப்பைத் தொட்டாலே ஒளி மாறுகிறது என்பதற்கு இதைவிட நேரடியான சாட்சி எனக்குத் தெரியவில்லை.


படிகக்காரி

எல்லோருக்கும் நன்றி, உண்மையிலேயே இவ்வளவு எதிர்பார்க்கவில்லை. சனிக்கிழமை மறுபடி அந்தக் கல்லூரிக்குப் போய்விட்டு வந்தேன்.

அலைநீளன் அண்ணா, 340க்கு மாற்றினோம், ஊசி 680க்குப் போய்விட்டது. பேரியம் சல்பேட்டிலும் 467, 482, 492 அப்படியே வந்தன. அந்த லேப் அக்காவே ஆச்சரியப்பட்டு, தன்னுடைய பழைய ஃபைல்களை எடுத்துப் பார்க்கப் போய்விட்டார். குன்று மட்டும் 600லேயே நிற்கிறது, ஆக அது நிஜம். பொடியைத் தண்ணீரில் கலக்கவில்லை, காய்ந்த பொடியாகத்தான் அளந்தோம்.

வெந்நீர்_ஆய்வகம் அக்கா, நான் துண்டை மேலே பார்த்துத்தான் வைத்திருந்தேன், மாற்றிவிட்டேன். இந்தத் தடவை படலம் கண்ணாடி மாதிரி ஒரே சீராக இருக்கிறது. 200 டிகிரியில் ஒரு மணி நேரம் சுட்டதில் ஆரஞ்சுக் குன்று ஏறக்குறைய பாதியாகிவிட்டது, 380 மூன்று மடங்குக்கு மேல் ஏறியிருக்கிறது. 400இல் சுட்டதில் 380 இன்னும் கொஞ்சம் ஏறியது, குன்று ரொம்பவே தாழ்ந்துவிட்டது. பொடியை 900இல் சுட்டுப் பார்த்தேன், டார்ச் அடித்தால் இப்போது பச்சையாக ஒளிர்கிறது! பர்னஸிலிருந்து எடுத்தபோது மஞ்சளாக இருந்தது, பயந்துவிட்டேன், ஆறியதும் வெள்ளையாகிவிட்டது.

இரண்டு கேள்வி மிச்சம் இருக்கிறது. ஒன்று, பேண்ட் கேப் (ஆற்றல் பட்டைகளுக்கு இடையிலான இடைவெளி) 3.37 எலக்ட்ரான் வோல்ட் என்றால் 368இல் அல்லவா ஒளிர வேண்டும், ஏன் 380? இன்னொன்று, ஒரு பேப்பரில் இதே முறையில் வளர்த்த கம்பிகளுக்கு யூவி பீக் வானத்துக்கு நிற்கிறது, கண்ணுக்குத் தெரியும் பகுதி தரையோடு தரையாக இருக்கிறது. என்னுடையது 400இல் சுட்ட பிறகும் அப்படி இல்லையே? அப்புறம் ஆக்சிஜன் வெற்றிடத்தை எழுதுவதா வேண்டாமா?


பழைய_ஒளிர்பொருள்

அம்மா, நன்றாகச் செய்திருக்கிறாய். சூட்டில் மஞ்சளாகி ஆறினால் வெள்ளையாவது இந்தப் பொருளின் பழைய அடையாளம், சூடு ஏறும்போது பேண்ட் கேப் சுருங்கி ஊதாவை விழுங்குவதால் மஞ்சளாகத் தெரிகிறது. பயப்பட ஒன்றும் இல்லை.

380 பற்றி. உன் கணக்கு சரி, ஆனால் இந்தப் பொருளில் எலக்ட்ரானும் ஹோலும் தனித்தனியாக அலைவதில்லை, ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு எக்சைட்டானாக இருக்கின்றன. அந்தப் பிணைப்பின் வலு 60 மில்லி எலக்ட்ரான் வோல்ட். அறை வெப்பத்தின் ஆற்றல் ஏறக்குறைய 26தான், அதனால் அறையிலும் அந்த ஜோடி பிரியாது. காலியம் நைட்ரைடில் இது 25 பக்கம்தான், இந்த ஒரு எண்ணுக்காகத்தான் உலகமே துத்தநாக ஆக்சைடைத் துரத்தியது. 3.37இலிருந்து 0.06ஐக் கழி, 3.31 வரும், அதாவது 375. ஜோடி அழியும்போது அணிக்கோவைக்கும் ஓர் அதிர்வைக் கொடுத்துவிட்டுப் போவதுண்டு, அதன் விலை 72 மில்லி எலக்ட்ரான் வோல்ட், அது 383 பக்கம் கொண்டுபோய் விடும். அறை வெப்பத்தில் இவை எல்லாம் கலந்து ஒரே மேடாகத் தெரியும், தடித்த பொடியில் தன் ஒளியைத் தானே விழுங்குவதால் நீல விளிம்பு இன்னும் கொஞ்சம் தேயும். 380 வந்தது மிகச் சரி.

மற்ற பேப்பரோடு ஒப்பிடுவதற்கு முன் அவர்கள் எதனால் தூண்டினார்கள் என்று பார். லேசர் என்றால் ஒப்பீடே கிடையாது. குறைபாடுகள் எண்ணிக்கையில் அளவானவை, ஒளிர்ந்து முடிக்க நேரமும் எடுப்பவை, அதனால் தூண்டும் ஒளி பலமாக இருந்தால் அவை நிரம்பிப்போய்விடும், மிச்சம் எல்லாம் எக்சைட்டான் வழியாக யூவியாகக் கொட்டும். உன் செனான் விளக்கு மெல்லிய ஒளி, அதில் குறைபாடுகளுக்குத்தான் முதல் பந்தி. ஒரே துண்டை இரண்டு விதமாகத் தூண்டினால் இரண்டு விதமான விகிதம் வரும். ஆகவே யூவிக்கும் கண்ணுக்குத் தெரியும் ஒளிக்கும் உள்ள விகிதத்தைப் படிகத் தரத்தின் மதிப்பெண்ணாக வேறொருவர் கருவியோடு ஒப்பிட்டு எழுதாதே, உன் நான்கு துண்டுகளுக்குள் மட்டும் ஒப்பிடு, அதே ஸ்லிட், அதே கோணம்.

இப்போது ஆக்சிஜன் வெற்றிடம். இந்தக் கதையின் வேர் 1996இல் இருக்கிறது. வேன்ஹாய்ஸ்டனும் கூட்டாளிகளும் பொடிகளை எடுத்துப் பச்சை ஒளிர்வையும் எலக்ட்ரான் சுழற்சி ஒத்திசைவில் (ஜோடியில்லா எலக்ட்ரான்களைக் காந்தப் புலத்தில் கண்டறியும் முறை) 1.96 என்ற ஜி மதிப்பில் வரும் சிக்னலையும் ஒப்பிட்டார்கள், இரண்டும் சேர்ந்து ஏறி இறங்கின. அந்த 1.96 சிக்னல் ஒற்றை மின்னேற்றம் கொண்ட ஆக்சிஜன் வெற்றிடத்துடையது என்று எடுத்துக்கொண்டு, பச்சை அதிலிருந்துதான் வருகிறது என்றார்கள். கவனமாகச் செய்த வேலை, அன்றைக்குக் கிடைத்த அறிவுக்கு நியாயமான முடிவு. ஆனால் 1.96 ஆழமில்லாத கொடை மட்டங்களின் (எலக்ட்ரானைச் சுலபமாகத் தரும் இடங்களின்) எலக்ட்ரான் சிக்னல் என்பதும், அந்த வெற்றிடத்தின் சிக்னல் 1.99 பக்கம் வரும் என்பதும் இப்போது பரவலாக ஏற்கப்பட்டவை. அஸ்திவாரம் நகர்ந்துவிட்டது, மேலே கட்டிய மேற்கோள்கள் மட்டும் அப்படியே நிற்கின்றன. அதற்கு ரொம்ப முன்பே, 1969இல், டிங்கிள் பச்சைக்குத் துளி செம்பு அசுத்தம் போதும் என்று குறைந்த வெப்ப அளவீட்டில் காட்டியிருக்கிறார். 2007இல் ஜனோட்டியும் வான் டி வாலேவும் கணக்கிட்டு, ஆக்சிஜன் வெற்றிடம் ஆழமான கொடை மட்டம், பச்சைக்குத் துத்தநாக வெற்றிடம் பொருத்தமான வேட்பாளர் என்றார்கள். அதே வான் டி வாலேதான் 2000இல் ஹைட்ரஜன் இந்தப் பொருளில் கொடையாகவே இருக்கும் என்று சொன்னவர். தண்ணீரில் வளர்த்த உனக்கு அது நேராகப் பொருந்தும்.

ஆக, உன் ஆரஞ்சும் 900இல் வந்த பச்சையும் ஒரே குறைபாடு இல்லை. ஒன்று 200 டிகிரியில் கரைகிறது, மற்றது 900இல் பிறக்கிறது. இரண்டுக்கும் ஒரே பெயரை வைத்தால் உன் சொந்த அளவீடே உன்னை மறுக்கும். உன் கைடிடம் வாதம் செய்யப் போகாதே, இந்த நான்கு கோடுகளை ஒரே தாளில் வரைந்து மேஜையில் வை. அவர் ஒத்துக்கொள்வார், ஏனென்றால் பார்த்தால் தெரிந்துவிடும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பச்சையை எல்லோரும் குறைபாடு என்றே பேசுகிறார்கள், ஆனால் பழைய வீடியோ பிளேயரிலும் கார் கடிகாரத்திலும் நீலம் கலந்த பச்சையில் எண்கள் ஒளிருமே, அந்த வெற்றிட ஒளிர் திரைகளில் இருப்பது துத்தநாகம் மிகுந்த துத்தநாக ஆக்சைடுதான், உச்சி 505 பக்கம். ஆக்சிஜன் குறைந்த சூழலில் வேண்டுமென்றே சுட்டு அந்தப் பச்சையை வரவழைத்தார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் அந்தப் பொடியைக் கையாண்டிருக்கிறேன். குறைந்த மின்னழுத்த எலக்ட்ரானுக்கே ஒளிரும், மின்சாரத்தையும் ஓரளவு கடத்தும், அந்த வேலைக்கு அதுபோல இன்னொன்று கிடைப்பது கஷ்டம்.


வெந்நீர்_ஆய்வகம்

ஐயா சொன்னதோடு ஒரே ஒரு அளவீட்டைச் சேர்த்துக்கொள் தங்கச்சி. உன் வாதம் ஹைட்ராக்சில் போகிறது என்பது, அப்படியானால் போவதைக் காட்ட வேண்டும். எஃப்டிஐஆர் (அகச்சிவப்பு உறிஞ்சுதல் அளவீடு) எடு. சுடாத பொடி, 200இல் சுட்டது, 400இல் சுட்டது மூன்றையும் ஓட்டினால் அலை எண் 3400 செ.மீ⁻¹ பக்கம் அகலமாக வரும் ஓஎச் பட்டை படிப்படியாக இறங்க வேண்டும், அதே அலகில் 400க்கும் 500க்கும் இடையே வரும் துத்தநாகம்-ஆக்சிஜன் பட்டை அப்படியே இருக்க வேண்டும். அந்த இறக்கமும் ஆரஞ்சின் இறக்கமும் கூடவே நடந்தால், "ஹைட்ராக்சில் சார்ந்த ஒளிர்வு என்பதோடு ஒத்துப்போகிறது" என்று எழுதலாம். "நிரூபிக்கப்பட்டது" என்று எழுதாதே, சுடும்போது வேறு சிலவும் மாறும்.


படிகக்காரி

எஃப்டிஐஆர் எங்கள் கல்லூரி வேதியியல் துறையிலேயே இருக்கிறது! ஆனால் பொட்டாசியம் புரோமைடு வில்லை போட்டுத்தான் எடுக்கிறார்கள், அதுவே ஈரம் இழுக்குமே, அதன் ஓஎச் என் பொடியின் ஓஎச்சோடு கலந்துவிடாதா?


வெந்நீர்_ஆய்வகம்

கலக்கும், சரியாகப் பிடித்தாய். பொட்டாசியம் புரோமைடை முந்தின இரவே 110 டிகிரி ஓவனில் போட்டுவிடு, டெசிகேட்டரில் ஆறவிடு, அரைப்பதையும் அழுத்துவதையும் சீக்கிரம் முடி. மூன்று வில்லைகளையும் ஒரே நாளில், ஒரே எடையில் போடு, எதுவும் கலக்காத வெறும் வில்லை ஒன்றையும் நான்காவதாக ஓட்டு. அந்த வெறும் வில்லையின் 3400 பட்டையைக் கழித்த பிறகு மிச்சமிருப்பது உன்னுடையது. மழை நாளில் மட்டும் எடுக்காதே, எங்கள் லேபில் ஐப்பசியில் எடுத்த ஒரு செட் முழுக்க வீணாகி, மறுபடி தை மாதத்தில்தான் எடுத்தேன்.